மட்டி

எங்கள் ஊரில் மருந்து என்றால் மூன்று.
காய்ச்சலுக்குக் குடிப்பது ஒன்று.
வெங்காயத்துக்கு அடிப்பது ஒன்று.
மற்றதைச் சொல்லும்போது
குரலைத் தாழ்த்துவோம்.

கார்த்திகை ஆறாம் நாள்
வெங்காயத் தாளுக்குள் பச்சைப்புழு.
சண்டிலிப்பாய்ச் சந்தியில் கடை வைத்திருக்கும் தேவகடாட்சம்
போத்தலைக் குலுக்கிக் காட்டினான்:
"இது புதுசு. உடனை கொல்லாது.
புழு தோல் கழற்றிற நேரத்திலை கழற்ற விடாது.
தன்ரை தோலுக்குள்ளையே நெரிஞ்சு போகும்."
கெட்டிக்கார மருந்து என்று நினைத்தேன்.

மூடியால் மூன்று என்றது லேபிள்.
ஐந்து ஊற்றினேன்.
எல்லோரும் ஐந்துதான்.
கீழ் மூலையில் ஒரு மீன் படம்,
அதன் மேல் குறுக்காக ஒரு கோடு.
மட்டிக்குப் படம் போடவில்லை.

வானம் கறுத்திருந்தது. கண்டேன்.
கண்டும் அடித்தேன்.
இரவு கொட்டியது.

வழுக்கையாறு ஆண்டில் முக்கால்வாசி ஆறில்லை,
மாடு மேயும் பள்ளம்.
மாரி விழுந்தால்
தான் ஆறென்று அதற்கு நினைவு வரும்.
அளவெட்டித் தண்ணீர், கந்தரோடைத் தண்ணீர்,
என் வரம்பை உடைத்துக்கொண்டு போன தண்ணீர்,
எல்லாவற்றுக்கும் ஒரே மண்ணிறம்.
அராலியில் கதவு தூக்கினார்கள்.

மட்டிக்கு ஓடத் தெரியாது.
சேற்றில் புதைந்தபடி
கடலை உறிஞ்சும், வடிக்கும், தெளிவைத் துப்பும்,
அழுக்கைத் தன்னோடு வைத்துக்கொள்ளும்.
யார் கேட்டது அதனிடம்?
வந்ததையெல்லாம் நம்பி வாங்குகிறவனை
மட்டி, மட்டி என்று நாங்கள் ஏசுவது
சும்மா இல்லை.

புதன்கிழமைகளில் எமில்டா வருவாள்
நாவாந்துறையிலிருந்து,
சைக்கிள் பெட்டியில் ஈரச் சாக்கோடு.
பால்பேணியால் அளப்பாள்.
இரண்டு பேணி மட்டிக்கு அரைக் கிலோ வெங்காயம்.
எங்களுக்கு நடுவில் காசு வந்ததில்லை.
அவளுடைய மட்டியை வதக்க
என்னுடைய வெங்காயம்தான் வேண்டும்,
எனக்கும் அப்படியே.

மூன்று புதன் அவளைக் காணவில்லை.
நான்காவது புதன் வந்தாள்,
பெட்டி காய்ந்திருந்தது.

கையை விரித்தாள். ஏழெட்டு மட்டி,
வாய் பிளந்தபடி.
நகத்தால் தட்டினாள்.
உயிருள்ளது என்றால் டக்கென்று மூடும்.
ஒன்று மட்டும் மூடப் பார்த்தது,
பாதியில் விட்டுவிட்டது.

"செத்தது போக மிச்சம் இப்பிடித்தான்.
செத்ததெண்டும் இல்லை, இருக்குதெண்டும் இல்லை.
நண்டும் அப்பிடி.
கோது பாதி கழண்டு, பாதி கழறாமல்.
வலையாலை எடுக்கேக்கை
கைக்குள்ளை களியாய்ப் போச்சுது."

எங்கேயோ ஒரு போத்தல் குலுங்கியது.

"உங்கட பக்கம் என்ன அடிச்சனியள்?"

"எல்லாரும் அடிக்கிறதுதான்" என்றேன்.
பொய்யில்லை.
பொய்யாக இருந்திருக்கலாம்.

அவள் என் தோட்டத்தைப் பார்த்தாள்.
ஒரு புழுவும் தொடாத தாள்கள்
நெட்டையாய், நீலம் பாய்ந்த பச்சையாய்.
"நல்லாய் வந்திருக்கு" என்றாள்.
குத்தலாகச் சொல்லியிருந்தால்
திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

"பழைய வெங்காயம் ரெண்டு கிலோ போடுங்கோ.
காசு தாறன்."

கொட்டிலில் தொங்கிய பிடிகளை இறக்கி நிறுத்தேன்.
தராசு நேராய் நின்ற பிறகும்
ஒரு கை அள்ளி மேலே போட்டேன்.
அவள் அந்த ஒரு கையை மட்டும்,
எண்ணி வைத்திருந்தவள்போல,
எடுத்துத் திரும்ப வைத்தாள்.
நோட்டை மடித்து என் பக்கமாக நீட்டினாள்.

போகும்போது மட்டிகளை
வரம்பில் வைத்துவிட்டுப் போனாள்.
மறந்தாளோ, வைத்தாளோ தெரியாது.

வேலியால் நுழைந்து கோழி ஒன்று வந்தது,
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது,
கொத்தக் குனிந்தது.

ஓடிப்போய் விரட்டினேன்.